ஆப் ஓடுகிறது, இனி அதை ஓட்ட வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது?

விசுவமடு மேற்கு:

எல்லோருக்கும் வணக்கம். நானும் கூடப் படித்த நண்பன் ஒருவனும் சேர்ந்து வெட்டு மெசின் பதிவு செய்யும் ஆப் ஒன்று செய்தோம். வயல்காரர் தன் ஊர், ஏக்கர், நெல் வெட்டத் தோதான நாள் மூன்றையும் போட்டால் அந்தப் பக்கம் நிற்கிற மெசின்காரர்களுக்குத் தகவல் போகும், அவர்கள் நாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான். விசுவமடு, தருமபுரம், கண்டாவளை, புளியம்பொக்கணை என்று இப்போது 640 வயல்காரரும் 38 மெசின்களும் பதிவில் இருக்கின்றன. போன காலபோகத்தில்தான், அதாவது மாரி மழையோடு செய்கிற பெரிய போகத்தில்தான், முதன்முதலாக முழுதாக ஓடியது. மழைக்கு முன்னம் வெட்டி முடித்துவிட்டேன் என்று வீடு தேடி வந்து சொன்ன ஆக்கள் இருக்கிறார்கள், அதனால் இதை இடையில் விட மனமில்லை.

செய்வதற்கான காசை எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்று தந்தது. அது முடிந்துவிட்டது. இப்போது தலைவர் ஐயா, “இனி வருடத்துக்கு எவ்வளவு வேணும் என்று ஒரு தாளில் எழுதித் தா தம்பி, கூட்டத்தில் வைக்கிறேன்” என்கிறார். நான் எழுத உட்கார்ந்தால் சேர்வருக்கு மாதம் 12 டொலர், அதன் பக்கப்புக்கு, அதாவது தரவின் நகல் வைக்க, இன்னொரு 20 வீதம், டொமைனுக்கு வருடம் 15 டொலர் அளவில், அதோடு கணக்கு நின்றுவிடுகிறது. கூகிள் பிளேயில் 25 டொலர் ஏற்கெனவே கட்டியாயிற்று, அது ஒரு தடவைதான். நண்பன் மாதம் ஐயாயிரம் ரூபாய் போதும் என்கிறான். ஆனால் மாசி மாதத்தில் எஸ்எம்எஸ் பில் மட்டும் சேர்வரைவிடக் கூட வந்தது, அதை நாங்கள் முதலில் யோசிக்கவே இல்லை. இப்படி இன்னும் எத்தனை விடுபட்டிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. பில் மாதாமாதம் டொலரில் வருகிறது, எங்கள் ஆக்களின் கையில் காசு வருவது நெல்லு விற்ற பிறகு. இதை எப்படிப் பொருத்துவது? ஆப் நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:

தம்பி, எஸ்எம்எஸில் இருந்தே தொடங்குகிறேன், நான் அடிபட்டது அதில்தான். பால் சேகரிப்புக்கு ஒரு சின்ன ஆப் நடத்துகிறோம். உள்நுழையக் குறியீடு அனுப்புவதற்கு வெளிநாட்டுச் சேவை ஒன்றை வைத்திருந்தோம். ஒரு நாள் இரவு யாரோ ஒரு புரோகிராமை வைத்து, நாங்கள் கேள்விப்படாத நாட்டு இலக்கங்களுக்கெல்லாம் குறியீடு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டு மாதச் செலவு ஒரே இரவில் போயிருந்தது. இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை, உலகம் முழுக்க நடக்கிற மோசடி. அந்த இலக்கங்களுக்குப் போகிற எஸ்எம்எஸ் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கும், அதற்காகத்தான் செய்கிறார்கள். அதனால் இன்றைக்கே போய் இலங்கையின் 94 தவிர மற்ற நாட்டு இலக்கம் எல்லாவற்றையும் மூடுங்கள். ஒரே போனில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை தரம்தான் குறியீடு கேட்கலாம் என்று கட்டுப்பாடும் வையுங்கள்.

இன்னொன்று, பலபேர் பிழையாக விளங்கி வைத்திருப்பது. கூகிள் கிளவுட், பயர்பேஸ் மாதிரி சேர்வர் வாடகைக்குத் தருகிற இடங்களில் இவ்வளவுதான் என் பட்ஜெட் என்று போட்டு வைத்தால், அந்த அளவு வந்ததும் ஈமெயில் வரும், அவ்வளவுதான். செலவு நிற்காது. நிற்கும் என்று நம்பித்தான் நான் அன்று நித்திரைக்குப் போனேன்.

அப்புறம், உங்களுக்கு எஸ்எம்எஸ் இவ்வளவு தேவையா? உள்ளூர் தொலைபேசி நிறுவனங்களிடம் மொத்தமாக எஸ்எம்எஸ் வாங்கினால் வெளிநாட்டுச் சேவையைவிடப் பல மடங்கு மலிவு. பதிவு வேலை கொஞ்சம் இருக்கும், அமைப்பின் பேரில் கடிதம் கேட்பார்கள், ஆனால் ஒருமுறை செய்தால் முடிந்தது. மெசின்காரர் எல்லோரிடமும் டேட்டா இருக்கும்தானே, அவர்களுக்கு ஆப்பின் அறிவித்தலே போதும், அதை அனுப்புவதற்குக் கூகிள் காசு வாங்குவதில்லை. வயல்காரருக்கு “உங்கள் நாள் இது” என்ற ஒரு செய்திக்கு மட்டும் எஸ்எம்எஸை வையுங்கள். உள்நுழைவுக்கு நாங்கள் கடைசியில் செய்தது இதுதான்: சங்கச் செயலாளரிடம் குறியீடு எழுதின துண்டுகளைக் கொடுத்துவிட்டோம். அவருக்கு ஒவ்வொரு உறுப்பினரையும் முகத்துக்கு முகம் தெரியும், எந்த எஸ்எம்எஸும் அவ்வளவு உறுதியாக ஆளை அடையாளம் காணாது.

வரைபடம் வைத்திருக்கிறீர்களா? ஆண்ட்ரொய்ட் ஆப்புக்குள் கூகிள் வரைபடத்தைக் காட்டுவதற்குக் காசில்லை. இடப்பெயரைத் தேடுவதும் வழித்தூரம் கணக்கிடுவதும் ஓர் அளவுக்கு மேல் போனால்தான் காசு. எங்கள் பக்கத்தில் குளத்தின் பெயரையும் வாய்க்காலையும் சொன்னால்தானே ஒரு வயல் எங்கே என்று விளங்கும், அதைக் கூகிளிடம் தேடி என்ன செய்வது. ஊர், குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் நீங்களே ஒரு பட்டியலாகப் போட்டுவிடுங்கள், தெரிவு செய்யட்டும்.

முள்ளியவளை – ரொறன்ரோ:

நான் முள்ளியவளை. இங்கே பதினொரு வருடமாக மொபைல் ஆப் வேலைதான் செய்கிறேன். தம்பி, உங்கள் தாளில் இல்லாத மிகப் பெரிய செலவு உங்கள் இரண்டு பேரின் மினக்கேடு. அதை எழுதாமல் கொண்டுபோனால் கூட்டத்தில் தொகை சின்னதாகத் தெரியும், எல்லோரும் சந்தோசமாகக் கை உயர்த்துவார்கள், இரண்டாம் வருடம் உங்களுக்கு வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய்விடுவீர்கள், ஆப் அப்படியே செத்துவிடும். ஊருக்கு என்று செய்த எத்தனையோ ஆப் இப்படித்தான் போயிருக்கிறது. நல்ல மனதோடு செய்தவர்கள்தான் எல்லோரும், காசைக் கேட்கக் கூச்சப்பட்டார்கள்.

ஒன்றுமே மாற்றாவிட்டாலும் ஆப்புக்கு வேலை இருக்கும், இதைத் தலைவர் ஐயாவுக்கு விளங்கப்படுத்துங்கள். கூகிள் வருடாவருடம் ஆப் எந்த ஆண்ட்ரொய்ட் பதிப்பை இலக்காக வைக்க வேண்டும் என்பதை உயர்த்திக்கொண்டே போகிறது. 2024 ஆகஸ்ட் 31 இலிருந்து அது ஆண்ட்ரொய்ட் 14, 2025 ஆகஸ்ட் 31 இலிருந்து ஆண்ட்ரொய்ட் 15. அதைச் செய்யாவிட்டால் அப்டேற் போட முடியாது. இன்னும் பின்தங்கினால், புதுப் போன் வாங்கினவருக்கு பிளே ஸ்ரோரில் உங்கள் ஆப்பே தெரியாது. 2025 நவம்பரில் நினைவகத்தின் பக்க அளவு (போன் நினைவகத்தைப் பிரிக்கிற துண்டின் அளவு) 16 கிலோபைட்டாக உள்ள போன்களிலும் ஆப் ஓட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் மாதிரி ஆப் செய்கிற கருவிகளில் செய்திருந்தால் இதற்காகவே எல்லா நூலகத்தையும் (மற்றவர்கள் எழுதி வைத்த, நீங்கள் எடுத்துச் சேர்த்த நிரல் துண்டுகளை) புதுப்பிக்க வேண்டி வரும், ஒன்றைத் தொட்டால் மற்றது உடையும், அனுபவம் உள்ள ஆளுக்கே ஒரு கிழமை போய்விடும். உங்களுக்கு ஒரு வாய்ப்பு என்னவென்றால், ஆகஸ்ட் என்பது காலபோக அறுவடைக்கு நல்ல தூரம். ஆனி, ஆடியில் ஒரு தடவை உட்கார்ந்து இந்த வேலையை முடியுங்கள், மார்கழியில் இன்னொரு தடவை எல்லாவற்றையும் சரிபாருங்கள். தை பிறந்த பிறகு அப்டேற் போடவே போடாதீர்கள்.

செய்த செலவில் 15 முதல் 20 வீதத்தை வருடப் பராமரிப்புக்கு வை என்று எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்வார்கள். அது பெரிய கொம்பனிகளின் சம்பளக் கணக்கு, உங்கள் இரண்டு பேருக்கும் யாரும் சம்பளம் தந்து இது செய்யப்படவில்லை, அந்த வீதத்தை வைத்தால் பிழையான தொகைதான் வரும். நாளைக் கணக்கிடுங்கள். வருடத்துக்கு இருபது நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு என்ன கூலி, அதை எழுதுங்கள்.

ஐபோனுக்கும் செய்யச் சொல்லி வெளிநாட்டில் இருந்து யாராவது கேட்பார்கள், என் வீட்டிலேயே கேட்டார்கள். அப்பிளுக்கு வருடம் 99 டொலர், ஒவ்வொரு வருடமும். கட்டாவிட்டால் ஆப்பை எடுத்துவிடுவார்கள். உங்கள் 640 வயல்காரரில் எத்தனை பேர் ஐபோன் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

சேர்வரை வாடகைக்கு எடுத்தது டிஜிட்டல் ஓஷன் மாதிரி இடம் என்றால் ஒரு விசயம்: அறுவடை இல்லாத மாதத்தில் 6 டொலர் அளவுக்கு இறக்கலாம், தை, மாசி, பங்குனிக்கு மட்டும் 12க்கு ஏற்றலாம். ஏற்றும்போது சிபியு, ராம் இரண்டை மட்டும் ஏற்றுங்கள். டிஸ்கையும் பெருப்பித்தால் திரும்ப இறக்க விடாது. ஏற்கெனவே டிஸ்க் பெரிதாக இருந்தால் சின்னது ஒன்று புதிதாக எடுத்து மாற்ற வேண்டும், அரை நாள் வேலை. சேர்வரை நிறுத்தி வைத்தால் காசு மிச்சம் என்று நினைக்காதீர்கள், நிறுத்தி வைத்தாலும் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

புதுக்குடியிருப்பு கமக்காரன்:

நான் கணனி தெரிந்தவன் இல்லை, வயல் செய்கிறவன். இந்த ஆப்பில் என் பெயரும் இருக்கிறது, உறவுக்காரரின் வயல் தருமபுரம் பக்கம் இருப்பதால் அதற்குப் பதிந்தேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இதை வாட்ஸ்அப் குழுவில் செய்தால் ஒரு சதமும் செலவில்லையே?

விசுவமடு மேற்கு:

கோபம் என்ன அண்ணை, நாங்களும் முதலில் வாட்ஸ்அப்பில்தான் தொடங்கினோம். இருநூறு பேர் தாண்டியதும் ஒரு நாளைக்கு எண்ணூறு செய்தி, ஒரே மெசினை மூன்று பேர் பிடித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு வயலில் நின்றார்கள். மழை இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் அது சண்டையாகிவிட்டது. யாருக்கு எந்த நாள் என்று ஓர் இடத்தில் பூட்டி வைக்க வேணும், அதுதான் ஆப்.

புதுக்குடியிருப்பு கமக்காரன்:

சரி தம்பி, விளங்குகிறது. அப்படியென்றால் நான் என் பக்கத்தைச் சொல்கிறேன். காசை வயல்காரரிடம் கேட்காதீர்கள். மெசின்காரரிடம் கேளுங்கள். தரகருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்தவர்கள் அவர்கள், இப்போது அது அவர்களுக்கு மிச்சம். வயல்காரன் ஏற்கெனவே உழவு, விதை, பசளை, எண்ணெய் என்று கடனில்தான் நிற்கிறான், நெல்லு விற்ற காசு கைக்கு வர முன்னமே போய்விடும். இன்னொன்று, கோடையில் செய்கிற சிறுபோகத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும், ஒரு வருடம் மாதிரி மறு வருடம் இல்லை. மானாவாரிக்காரருக்குச் சிறுபோகமே இல்லை. வருடச் செலவு முழுவதையும் காலபோகத்தில் எடுத்துவிடுங்கள், சிறுபோகத்தில் வருவதைச் சேமிப்பில் போடுங்கள்.

நெடுங்கேணி அக்கா:

பதினாறு வருடமாகக் கூட்டுறவுச் சங்கக் கணக்குப் பார்க்கிறேன். ஆப் செய்யத் தெரியாது. ஆனால் இந்தத் தாளை எப்படி எழுத வேணும் என்று தெரியும். கமக்காரன் அண்ணை சொன்னதுதான் இதில் முக்கியம், அதற்குப் பக்கத்தில் இரண்டு மூன்று விசயம் வைக்கிறேன்.

தம்பி, டொலரை இன்றைய விலையில் எழுதாதே. இப்போது முந்நூறு ரூபாய் அளவில் நிற்கிறது என்றால் நீ 350 என்று எழுது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது, இரண்டே மாதம். அந்த நேரம் வெளிநாட்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த எத்தனையோ சின்னச் சின்ன ஆக்கள் கட்ட வழியில்லாமல் நின்றார்கள். அப்படி ஒன்று திரும்ப வரும் என்று சொல்லவில்லை, ஆனால் மாசியில் சேர்த்த காசு அடுத்த தை வரைக்கும் நின்றுபிடிக்க வேண்டும், அதற்கிடையில் டொலர் என்ன செய்யும் என்று யாரால் சொல்ல முடியும்? வங்கி அட்டையில் வெட்டும்போது சந்தை விலைக்கு மேலே கொஞ்சம் எடுப்பார்கள், அதுவும் அந்த 350க்குள் அடங்கிவிடும். மிஞ்சினால் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம்.

அட்டை யாருடையது? உன்னுடையது என்றால் இப்போதே மாற்றுவது பற்றிக் கதை. உன் அட்டையில் வெட்டி, நீ அமைப்பிடம் வாங்கி, அமைப்பு கூட்டம் கூடித்தான் தரும் என்றால் நீ எப்போதும் உன் காசைப் போட்டுக்கொண்டே இருப்பாய். எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி இப்படி ஒன்பது மாதம் தன் காசில் ஓட்டினாள், கேட்கவும் வெட்கம். அமைப்பின் பேரில் கணக்கு, அதற்கு ஓர் அட்டை, அதில் வருடக் காசு முழுவதும். பொருளாளரும் நீயும் மாதம் ஒருமுறை பில்லைப் பார்த்துக் கையொப்பம் வையுங்கள். டொமைன், சேர்வர், கூகிள் கணக்கு எல்லாம் எந்த ஈமெயிலில் இருக்கிறது என்றும் பார். உன் சொந்த ஈமெயில் என்றால், நாளைக்கு உனக்கு ஏதும் என்றால் ஊருக்கு ஆப் இல்லை. மெசின்காரரிடம் வாங்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கையில் கொடுங்கள், சீட்டுப் புத்தகம்தான் கூட்டத்தில் கதைக்கும்.

முள்ளியவளை – ரொறன்ரோ:

அக்கா சொன்ன கணக்கு மாற்றுவது பற்றி ஒரு வரி. கூகிள் பிளேயில் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு ஆப்பை மாற்ற வழி இருக்கிறது, இறக்கின ஆக்கள், மதிப்பீடு எதுவும் போகாது. அமைப்பின் பேரில் கணக்குத் திறக்க டன்ஸ் இலக்கம் என்று நிறுவனங்களை அடையாளம் காட்டுகிற இலக்கம் ஒன்று கேட்பார்கள், அதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், அதனால் ஆறுதலாக இப்போதே தொடங்குங்கள். புதுக் கணக்குக்கு இன்னொரு 25 டொலர் வரும். அதையும் தாளில் போடுங்கள். டொமைனை மறக்காதீர்கள். தனியுரிமைப் பக்கமும், கணக்கை அழிக்கக் கேட்கிற பக்கமும் அந்த இணையத்தளத்தில்தானே இருக்கும், டொமைன் காலாவதியானால் அந்த இணைப்பு உடையும், கூகிள் ஆப்பையே நிறுத்தி வைக்கலாம். 15 டொலரால் எல்லாம் போய்விடும்.

விசுவமடு மேற்கு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரவு உட்கார்ந்து திரும்ப எழுதினேன், பாருங்கள். டொலர் 350.

சேர்வர் மூன்று மாதம் 12, ஒன்பது மாதம் 6, இரண்டுக்கும் பக்கப் 20 வீதம், மொத்தம் 108 டொலர், அதாவது 37,800 ரூபாய். டொமைன் 5,250. புதுக் கூகிள் கணக்கு இந்த வருடம் மட்டும் 8,750. எஸ்எம்எஸ்ஸை நாள் அறிவிக்கிற ஒரு செய்தியாகக் குறைத்து உள்ளூரில் வாங்குவது என்று 12,000. உதவிக்கு அழைக்கிற போனுக்கு மாதம் 1,000 ரீலோட், 12,000. இது நீங்கள் ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்கு மாசியில் ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு வந்தது, அரைவாசிப்பேர் ஆப்பைத் திறக்காமல் எங்களைத்தான் கேட்டார்கள், வயதான ஆக்களுக்கு அப்படித்தான் வசதி, அதை நிறுத்த விருப்பமில்லை. ஊர் ஊராகப் போய்ப் பழக்கிக் கொடுக்கப் பெற்றோலுக்கு 15,000. எங்கள் வேலை இருபது நாள், நாளுக்கு 3,000 படி 60,000. இதை எழுதக் கை கூசியது, ஆனால் எழுதிவிட்டேன். கூட்டினால் 150,800. எதிர்பாராததுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 165,880. 38 மெசினால் பிரித்தால் ஒன்றுக்கு 4,365 ரூபாய், 4,400 என்று கேட்கலாமா?

மாங்குளத்தான்:

உதவிப் போனைப் போட்டது மிகச் சரி. எங்களுக்கும் அதுதான் உண்மையில் ஆப்பை ஓட்டுகிறது.

நெடுங்கேணி அக்கா:

38 பேரும் கட்டுவார்கள் என்று எப்படித் தெரியும்? ஒருவரின் மெசின் உடையும், ஒருவர் வவுனியாவுக்குக் கொண்டுபோய்விடுவார், ஒருவர் தருகிறேன் தருகிறேன் என்பார். 34 பேர் என்று வை. 34 பேரிடம் 5,000 வாங்கினால் 170,000, உனக்குக் காணும். முழுவதையும் ஒரே நாளில் கேட்காதே, பதியும்போது 2,000, பங்குனி முடிய 3,000. அப்படிக் கேட்டால் தருவார்கள். வேலைக் காசைக் குறைக்கச் சொல்லி யாராவது கூட்டத்தில் கேட்டால் குறைக்காதே, வேணுமென்றால் நாளைக் குறைக்கலாமா என்று கேள், எந்த வேலையை விடுவது என்று அவர்களே சொல்லட்டும்.

புதுக்குடியிருப்பு கமக்காரன்:

5,000 தருவார்கள். ஒரு மெசின் ஒரு நாள் வேலையில்லாமல் நின்றால் அவர்களுக்கு அதைவிடப் போகும். என் சொந்தக்காரர் ஒருவரிடம் மெசின் இருக்கிறது, நான் கதைத்துப் பார்க்கிறேன்.

விசுவமடு மேற்கு:

நல்லது அண்ணை. கூட்டம் வருகிற ஞாயிறு. அக்கா சொன்னபடி இரண்டு தவணையாக எழுதிக் கொண்டுபோகிறேன், முடிவை இங்கேயே போடுகிறேன்.

நெடுங்கேணி அக்கா:

போடு தம்பி. போக முதல் இப்போது கட்டுகிற அந்த அட்டையை எடுத்து, அது எந்த மாதம் முடிகிறது என்று பார்.

விசுவமடு மேற்கு:

பார்த்தேன் அக்கா. தை மாதம் முடிகிறது. நாளைக்குக் காலை வங்கிக்குப் போகிறேன்.